ஃபேரிங்குக்கு ஒரு ட்ரையல் பாலன்ஸ்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய், 'அண்ணே, ஃபேரிங் கிளிப் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, '6202-ஆ, 6301-ஆ?' என்பார். அவர் மேல் குற்றமில்லை. நம் ஊர் நாக்குக்கு ஆய்த எழுத்து போட்ட 'பே'வும் ஒன்றுதான், போடாத 'பே'வும் ஒன்றுதான். நீங்கள் கேட்டது ஃபேரிங். அவர் காதில் விழுந்தது பேரிங். அது சக்கரத்துக்குள் உருளுகிற சமாசாரம். இது வண்டிக்கு மேலே போட்டிருக்கும் சட்டை. 'பாடி கவர்' என்று கேளுங்கள், அல்லது முன்பக்க முகத்துக்கு மட்டும் என்றால் 'டூம்' என்று கேளுங்கள். உடனே கிடைக்கும்.

அந்த டூமில் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் இறங்கி, இன்ஜினை மூடிக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் ஒன்றை ஒன்று சந்தித்துக்கொள்கிறதே ஒரு பிளாஸ்டிக் கவசம், அதுதான் ஃபேரிங். நம் அப்பாக்கள் காலத்தில் இந்த வம்பே கிடையாது. 1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100-ஐ நினைத்துப் பாருங்கள். வெற்றுடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா மாதிரி, எலும்பு நரம்பு எல்லாம் வெளியே தெரியும். ப்ளக் எங்கே, கார்புரேட்டர் எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதற்கும் முன்னால் வந்த சேத்தக் ஸ்கூட்டருக்கு ஒரு பக்கக் கவர் இருந்தது. ஒரு லீவரைத் திருகினால் கையோடு வந்துவிடும். நடுரோட்டில் அதைக் கழட்டித் தரையில் வைத்து, ப்ளக்கைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு லேட்டாகாமல் போனவர்கள் அந்தத் தலைமுறை.

ஃபேரிங் பந்தயக்காரர்களுக்காகப் பிறந்தது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்க்கிற காற்றின் விசை நாலு மடங்காகும். அதனால் 1950-களில் ஐரோப்பாவில் பந்தய வண்டிகளுக்கு முன் சக்கரத்தையும் சேர்த்து முழுசாக மூடிப் பார்த்தார்கள். அந்த மூடிக்கு வைத்த செல்லப் பெயர் டஸ்ட்பின் - குப்பைத் தொட்டி. நேராக வரும் காற்றுக்கு அது பிரமாதம். பக்கவாட்டில் ஒரு வீச்சு அடித்தால் பாய்மரக் கப்பல்! 1957-ஆம் வருஷப் பந்தயங்களோடு அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். சக்கரத்தை வெளியே விட்ட இப்போதைய வடிவம் அப்புறம் வந்தது. 1976-ல் பி.எம்.டபிள்யூ., ஆர்100ஆர்.எஸ். என்ற வண்டிக்கு பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஃபேரிங்கைச் செதுக்கியது. நமக்கு 2003-ல் கரிஸ்மா அரைக்கைச் சட்டையோடு வந்தது. 2008-ல் யமஹா ஆர்15 முழுச் சட்டையோடு வந்தது. ஆக, 200 கிலோமீட்டர் வேகத்துக்கு எவனோ தைத்துக்கொண்ட சட்டையைப் போட்டுக்கொண்டு நாம் வேளச்சேரி சிக்னலில் நிற்கிறோம். அழகாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

எதிர் போர்ஷன் தம்பியின் வண்டியும் அழகான வண்டிதான். ஐ.டி. கம்பெனியில் வேலை. செகண்ட் ஹாண்டில் வாங்கிய 150 சி.சி. ஃபுல் ஃபேரிங். மழைநாள் ஒன்றில் சறுக்கி இடது பக்கம் தேய்ந்துவிட்டது. ஒரு கடையில் விட்டு, இடது பேனலை மாற்றி, டூமுக்கும் பாலீஷ் போட்டு, பளபளவென்று கொண்டு வந்தான். தெருவே பார்த்தது.

ஒரு வாரம் கழித்து வியாதி ஆரம்பித்தது. வலது பக்கம் முழுசாக ஹாண்டில்பாரை ஒடித்துத் திருப்பினால் இன்ஜின் நின்றுவிடும். எப்போதும் இல்லை, சில சமயம். அதே கடைக்குப் போனான். 'பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு' என்றார்கள். டாங்க்கைக் காலி செய்தார்கள். மறுபடி நின்றது. 'பேட்டரி வீக்' என்றார்கள். புது பேட்டரி. மறுபடி நின்றது. ஒரு ராத்திரி ஆபீஸ் விட்டு வரும்போது பழைய மகாபலிபுரம் சாலை யூ டர்னில், பாதித் திருப்பத்தில், மீட்டர் விளக்கு உள்பட எல்லாமே அணைந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் பஸ். டிரைவர் பிரேக்கை நன்றாக மிதித்தார். அதனால்தான் தம்பி மறுநாள் என் வீட்டுக்கு வந்து காபி குடிக்க முடிந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா" என்றான் முதலில். வண்டி விஷயம் அப்புறம்தான் வந்தது.

நான் படித்தது பி.காம். கார்புரேட்டரைப் பற்றி எந்த செமஸ்டரிலும் வரவில்லை. ஆனால் ஆடிட் ஆபீஸில் ஆறு மாதம் பேனா பிடித்திருக்கிறேன். அங்கே சொல்லித்தருகிற முதல் பாடம்: கணக்கு என்றைக்கு உதைக்க ஆரம்பித்ததோ, அதற்கு முந்தின என்ட்ரியைப் பார். தம்பி வண்டியில் முந்தின என்ட்ரி என்ன? ஃபேரிங்கைக் கழட்டி மாட்டியது. தவிர, பெட்ரோலுக்கு இடது வலது தெரியாது. பேட்டரிக்கும் தெரியாது. ஹாண்டில்பார் திரும்பும்போது கூடவே இழுபடுகிற ஒரே சாமான், வயர். சாவி போடுகிற ஸ்விட்ச் ஹாண்டில்பாரோடு சேர்ந்து திரும்புகிறது. அதிலிருந்து இறங்கும் வயர்க் கட்டு, திரும்பாத சட்டத்துக்குள் போகிறது. அந்த இடம் டூமுக்குப் பின்னால், சட்டைக்குள்.

"கழட்டிப் பார்த்துடலாம், தம்பி."

"கடையில கேட்டேண்ணா. திரும்பக் கழட்டி மாட்ட லேபரே 800 ரூபாயாம்."

"நாமளே கழட்டலாம்."

"அண்ணா... நீங்க பி.காம். தானே?"

என் வண்டியில் ஏழெட்டு தடவை கழட்டி மாட்டியிருக்கிறேன் என்று சொன்ன பிறகும் அவன் முகம் தெளியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்குப் பிறகு, போர்ட்டிகோ நிழலில் ஆரம்பித்தோம். வெயிலில் வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் - சைலன்ஸர் குழாய் பேனலுக்கு ஒட்டிப் போகிறது, சூட்டோடு தொட்டால் தோல் அங்கேயே தங்கிவிடும். ஒரு பழைய ஜமக்காளத்தை விரித்தோம். கழட்டுகிற பேனலை பெயின்ட் பக்கம் துணியில் படும்படி வைக்க. சீட்டை எடுத்து பேட்டரியின் நெகடிவ் வயரை விடுவித்தோம். ஆயுதங்கள் அதிகமில்லை: 4, 5 மி.மீ. ஆலன் கீ, 10-ம் நம்பர் ஸ்பானர், ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். 'நல்ல' என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய டிரைவர் ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். அப்புறம் அது வருவதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான டூல், முட்டை அட்டை. மளிகைக் கடையில் சும்மா தருவார்கள். 30 குழி. ஒவ்வொரு குழிக்கும் மார்க்கரால் நம்பர் போட்டேன். வண்டியில் ஸ்க்ரூ போகிற ஒவ்வொரு ஓட்டைக்கும் அதே நம்பரில் துண்டு டேப் ஒட்டினேன். முதலாம் நம்பர் ஸ்க்ரூ முதலாம் குழியில். இதைத்தான் நாங்கள் டபுள் என்ட்ரி என்போம். தம்பி செல்போனில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டான். அதுவும் நல்லதுதான். ஆனால் எந்த ஸ்க்ரூ எவ்வளவு நீளம் என்று போட்டோ சொல்லாது.

நீளம் ஏன் முக்கியம் என்கிறீர்களா? வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஸ்க்ரூவுக்கும் ஒரே தலை. நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டால், உள்ளே எதையாவது போய் முட்டும். வயராக இருந்தால் உரசும். ரேடியேட்டராக இருந்தால் இன்னும் விசேஷம். எதையும் முட்டாவிட்டாலும், 'டைட் ஆகிவிட்டது' என்று கைக்குப் பொய் சொல்லும். பேனல் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

முதலில் கண்ணாடிகள். டூமைப் பிடித்துக்கொண்டிருப்பதே அவற்றின் நட்டுகள்தான். அப்புறம் இடது பேனலின் போல்ட்டுகள். அப்புறம் அடிவயிற்றில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள். இந்தக் கிளிப்பைப் பார்த்ததும் நெம்பத் தோன்றும். நெம்பினால் உடையும். நடுவில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும், அதை ஆணி முனையால் லேசாக உள்ளே தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தம். பிடி விட்டுவிடும், விரலாலேயே உருவலாம். திரும்ப மாட்டும்போது அந்தப் பொட்டைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே துருத்த வைத்து, கிளிப்பை ஓட்டையில் செருகி, பொட்டைச் சமமாக அமுக்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று தம்பி பேனலைப் பிடித்து இழுத்தான். 'கிரீச்' என்றது.

"கையை எடு!" என்று கத்திவிட்டேன். பேனல் வரவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கியிருக்கிறது என்று அர்த்தம். பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை. இந்தப் பேனல்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். வளையும், வளையும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து கீறல் விடும். தேடினோம். முன் சக்கரத்தைத் திருப்பிவிட்டுக் கீழே குனிந்து டார்ச் அடித்தால், உள்பக்கமாகப் பார்த்துக்கொண்டு ஒரு குட்டி ஸ்க்ரூ, மண் அப்பி. அதை எடுத்த பிறகும் அப்படியே இழுக்கக் கூடாது. சில இடத்தில் பேனலின் நாக்கு இன்னொரு பேனலின் பள்ளத்தில் செருகியிருக்கும் - அங்கே முன்னால் தள்ளி நகர்த்த வேண்டும். சில இடத்தில் ஒரு முளை ரப்பர் வளையத்துக்குள் அமர்ந்திருக்கும் - அங்கே நேராக, முளைக்குப் பக்கத்திலேயே பிடித்து இழுக்க வேண்டும். பேனல் கையோடு வந்ததும் ஓடிவிடாதீர்கள். இண்டிகேட்டர் வயர் தொப்புள்கொடி மாதிரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கனெக்டரின் பல்லை அமுக்கி, கனெக்டரைப் பிடித்துத்தான் பிரிக்க வேண்டும். வயரைப் பிடித்து அல்ல.

இங்கே நின்று ட்ரையல் பாலன்ஸ் போட்டேன். இடது பேனல், டூம், கண்ணாடி எல்லாமாகச் சேர்த்து 26 ஓட்டை. முட்டை அட்டையில் இருந்தது 22. நாலு ஓட்டைகளுக்குக் கடைக்காரர்கள் ஸ்க்ரூவே போடவில்லை. போட்டதில் ஒன்று, சத்தியமாகச் சொல்கிறேன், மரக்கதவுக்குப் போடுகிற ஸ்க்ரூ. ரப்பர் வளையத்துக்குள் ஒரு சின்ன இரும்புக் குழல் இருக்கும், காலர் என்பார்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பாரம் அந்தக் குழலோடு நின்றுவிடும், பிளாஸ்டிக் நசுங்காது. அதில் இரண்டைக் காணோம். அந்த இரண்டு இடத்திலும் புதுப் பேனலில் கீறல் ஆரம்பித்திருந்தது. எங்கள் தொழிலில் இடிக்கிற தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் ஒதுக்கி, ஆடிட்டர் வரும்வரை ஓட்டலாம். அந்தக் கடையிலும் யாரோ காமர்ஸ் படித்தவர் இருக்கிறார் போலிருக்கிறது.

சட்டைக்குள்ளே வேறொரு உலகம். ரேடியேட்டர் முழுக்க வேப்பம்பூவும் செத்த பூச்சிகளும். "போன மாசம் ஹீட் ஆகுதுன்னு லைட் எரிஞ்சதுண்ணா" என்றான் தம்பி, ஏதோ ஊர்ச் செய்தி சொல்வது போல. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். குழாயை வேகமாக அடித்தால் அந்தத் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், ஜாக்கிரதை.

பிறகு டூமை எடுத்தோம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தம்பியிடம், "ஹாண்டில்பாரை வலது பக்கம் மெதுவா ஒடி" என்றேன்.

பார்த்துவிட்டோம். சாவி ஸ்விட்சிலிருந்து வரும் வயர்க் கட்டு, டூமைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்கு உள்பக்கமாக வளைந்து வர வேண்டியது. மாட்டின ஆசாமி அதைச் சட்டத்துக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி விட்டிருந்தார். ஒவ்வொரு தடவை வலது பக்கம் திருப்பும்போதும் அது இரும்பின் ஓரத்தில் விறைத்து உரசியிருக்கிறது. மேலுறை கிழிந்து, உள்ளே ஒரு வயரில் செம்பு தெரிந்தது. அதில் நாலைந்து இழைதான் பாக்கி. அந்த நாலைந்து இழை பிரியும்போது வண்டி அணையும், சேரும்போது உயிர் வரும். பஸ்ஸுக்கு முன்னால் நின்றது பெட்ரோலாலும் இல்லை, பேட்டரியாலும் இல்லை. நாலு விரற்கடை வயர், தப்பான பக்கத்தில் போனதால்.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதை மூடிட்டு மேல பாலீஷ் வேற போட்டிருக்காங்கண்ணா" என்றான்.

வயரை நான் தொடவில்லை. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி மூடிவிட்டால் அடுத்த வெயிலில் பசை இளகி, அடுத்த மழையில் பச்சை பிடித்து, மறுபடி யூ டர்னில் நிற்கும். தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தோம். வெட்டி, பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்குகிற ஸ்லீவைப் போட்டு, கட்டைச் சட்டத்துக்கு உள்பக்கம் கொண்டுவந்து, கிளிப்பில் கட்டிக் கொடுத்தார். 200 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாததால் வண்டி ஒரு வாரம் சட்டையில்லாமல் நின்றது. மாடி வீட்டு ரிடையர்டு சார் தினமும் வாக்கிங் போகும்போது, "பாதி வண்டிய வித்துட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்க்ரூ, காலர், கூடவே உபரியாகப் பத்து கிளிப் வாங்கி வந்தேன். கிளிப் எப்போதும் உபரி வேண்டும், அது வளையல் ஜாதி. பேனல் கீறலின் நுனியில் இரண்டு மி.மீ. ஓட்டை போட்டேன். கீறல் அதற்கு மேல் ஓடாது. உள்பக்கம் ஏ.பி.எஸ். பசை.

அடுத்த ஞாயிறு மாட்டும் படலம். கழட்டுவதைவிட இதற்குத்தான் பொறுமை வேண்டும். காரணம், ஒரு ஸ்க்ரூவை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் அங்கே ஓட்டை ஓட்டையோடு சேராது. பலவந்தமாகச் சேர்த்தால் மரை கெடும். எல்லா ஸ்க்ரூவையும் விரலால் இரண்டு மூன்று சுற்று மட்டும் விட்டு, பேனலை அசைத்து உட்கார வைத்து, அப்புறம்தான் ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் முளை வழுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக்கில் நேரடியாக இறங்கும் ஸ்க்ரூ என்றால், முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் 'தொக்' என்று விழும். அங்கிருந்து முடுக்குங்கள். ஆலன் கீயின் நீளக் கையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். குட்டைக் கையை இரண்டு விரலால் திருப்புகிற பலம் போதும். 'கழண்டு விழாமல் இருக்க த்ரெட் லாக்கர் விடட்டுமா?' என்று தம்பி கேட்டான். வேண்டவே வேண்டாம். அந்தத் திரவம் ஏ.பி.எஸ்.ஸில் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். பிரேக் ஆயிலும் அப்படித்தான்.

டூமை மாட்டுவதற்கு முன்னும் பின்னும், இரண்டு தடவை, ஹாண்டில்பாரை இடக்கோடி வலக்கோடி ஒடித்துப் பார்த்தோம். ஒரு கை உள்ளே, வயர் எங்கேயும் விறைக்கிறதா என்று. ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் இரண்டு கோடியிலும் 'டப்' என்று தானாகத் திரும்புகிறதா என்று. பேட்டரியை மாட்டி, ஹார்ன், ஹெட்லைட், இரண்டு பக்க இண்டிகேட்டர். முட்டை அட்டையில் ஒரு குழியிலும் எதுவும் மிச்சமில்லை. 26-க்கு 26.

"ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

தெருவில் போய் வலது பக்கம் முழுசாக ஒடித்து ஒரு சுற்று சுற்றினான். இன்ஜின் நிற்கவில்லை. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் ஹார்னையும் அடித்தான். ஐந்தாவது சுற்றில் அவன் அம்மா வாசலுக்கு வந்து, "ஏண்டா, பைத்தியமா உனக்கு? ஒரே எடத்துல எத்தன சுத்து சுத்துவ?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் முட்டை அட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருந்ததும்மா. செக் பண்றேன்" என்றான்.